மூக்குடைந்த வேதசாட்சி

தாராவியில் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஸ்போர்ட்ஸ் ரூமைக் காலி செய்து சிற்றாலயம் ஆக்குவதென்று முடிவானபோது, கிரிக்கெட் சாமான்களுக்கு வேறு இடம் தருவதாகச் சொன்னார்கள். தரவில்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பு 'பி' பையன்கள், பீடம் கட்டக் கட்ட அதன் முன்னாலேயே ஆடிவந்தார்கள். புதுத் தரை, நல்ல பவுன்ஸ்.

சிற்றாலயம் புனித தார்சிசியுஸுக்கு. சிறையில் கிடந்த கிறிஸ்தவர்களுக்கு நற்கருணை அப்பத்தை நெஞ்சோடு அணைத்து எடுத்துப்போன உரோமைச் சிறுவன். வழிமறித்த பையன்கள் கல்லாலும் கம்பாலும் அடித்தே கொன்றபோதும் மூடிய கையைத் திறக்காதவன். அவனுடைய சுரூபம் வந்து இறங்கிய மூன்றாம் நாள், ஸ்டெர்லின் அடித்த ஸ்ட்ரெய்ட் டிரைவ் அதன் மூக்கைக் கொண்டுபோயிற்று.

ஸ்டெர்லின் எம்-சீல் பிசைந்து புது மூக்கு வைத்தான். அவன் கூட்டாளி இசக்கி பெயின்ட் அடித்தான். பழையதைவிட எடுப்பாகவே அமைந்தது. யாருக்கும் தெரியவில்லை, கிளாஸ் மானிட்டர் டென்சிலைத் தவிர. பேசியவர்கள் பெயரைப் போர்டில் எழுதி எழுதியே வகுப்பில் பாதிப் பேர் முதுகைப் பழுக்கவைத்தவன் டென்சில்.

"அர்ச்சிப்பு அன்னைக்கு, டிராமா முடிஞ்சதும், மூக்க ஒடச்சவனுவ லிஸ்டச் சிஸ்டர் கைல குடுப்பேம்ல. மொத பேரு ஒனக்குத்தான்" என்றான் ஸ்டெர்லினிடம்.

ஸ்டெர்லினுக்கு இது மூன்றாவது பள்ளிக்கூடம். முதல் இரண்டும் டி.சி. கொடுத்து அனுப்பியவை. "இங்கயும் டி.சி. வாங்குன, படிப்ப நிறுத்தி அம்பர்நாத் கம்பெனில கொண்டு தள்ளிருவேன்" என்று அப்பா மிக்கேல்ராஜ் சொல்லியிருந்தார். அங்கேதான் அவருக்கு வேலை. இடத்தைத் தெரிந்துதான் சொன்னார்.

ஆயர் வந்து சிற்றாலயத்தைத் திறந்துவைக்கும் அர்ச்சிப்பு நாளன்று அந்த வேதசாட்சிச் சிறுவனின் மரணத்தை நாடகமாகப் போட ஏற்பாடு. பிரின்சிபல் சிஸ்டர் தார்சிசியுஸாக டென்சிலைத் தேர்ந்தெடுத்தார். அடிக்கிற பையன்களாக வர யாருக்கு இஷ்டம் என்று கேட்டதும் வகுப்பே எழுந்து நின்றது. இவ்வளவு பக்தியை எதிர்பார்க்காத சிஸ்டர் கண்கலங்கினார்.

கல்லெல்லாம் காகிதம்தான். அதை மைதாப் பசையில் தோய்த்து ஒரு வாரம் மொட்டைமாடியில் காயவைத்தது இசக்கியின் சொந்த யோசனை. பேப்பர் சுற்றிய கம்புக்குள் ஸ்டம்பு இருந்தது.

முன்வரிசையில் ஆயர். டென்சில் வெள்ளை அங்கியில் வந்தான். அங்கிக்குப் பாக்கெட் கிடையாது. ஸ்கூல் பேக்கில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். ஆகவே லிஸ்ட் அவன் கைக்குள்ளேயே இருந்தது.

"உன் கையில் என்ன இருக்கிறது? காட்டு!" என்றான் ஸ்டெர்லின். வசனம்தான்.

"தரமாட்டேன்!" அதுவும் வசனம்தான்.

முதல் கல் புருவத்தைக் கிழித்தது. அடுத்தது வாயில் பட்டு ஒரு பல்லை எடுத்தது. இசக்கியின் கம்பு முட்டியில் இறங்க, டென்சில் ஒத்திகையில் இல்லாத அளவுக்கு உண்மையாக விழுந்தான். ஸ்டெர்லின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சுண்டுவிரல் மடக்கென்றது.

"குடுத்துருல, ஸாலா. செத்துருவ."

"கொன்னாலும் தரமாட்டேம்ல!"

தாய்மார்கள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவது விரல் பிரிந்தபோது டென்சில் தலையைத் தூக்கி, தாளைக் கவ்வி, பல்லோடும் ரத்தத்தோடும் விழுங்கினான். ஸ்டெர்லின் ஆத்திரம் தாங்காமல் மூக்கில் ஒரு குத்து விட்டான். அது உடைந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

கைதட்டல் ஓய மூன்று நிமிடம் ஆயிற்று. தரையில் கிடந்தது சாயமில்லை என்று தெரிய இன்னும் இரண்டு நிமிடம்.

"உணர்ச்சிவசப்பட்டுட்டோம் சிஸ்டர்" என்றான் ஸ்டெர்லின். நம்பினார். லிஸ்ட் டென்சிலின் வயிற்றில் இருந்தது. அம்பர்நாத் வெகுதூரத்தில் இருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்க ஸ்டெர்லினைச் சயான் ஆஸ்பத்திரிக்கு சிஸ்டர் கூட்டிப்போனார். டென்சில் மூக்கில் பிளாஸ்திரி. தாடை வீங்கிப் பேச்சு வரவில்லை.

"அப்படியே நம்ம சுரூபம் மாதிரி இருக்கான்" என்று உருகினார் சிஸ்டர். "என்ன வேணும் மகனே?"

டென்சில் காற்றில் எழுதிக் காட்டினான். சிஸ்டர் பையிலிருந்து நோட்டும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். கட்டுப்போட்ட கையால் எழுத முடிந்தது, நோட்டுதான் வழுக்கியது.

"ஸ்டெர்லின், நோட்டப் பிடிச்சுக்கப்பா."

பிடித்தான். டென்சில் முதலில் மார்ஜின் போட்டான். ஒன்று என்று எண் போட்டான். பிறகு 'ஸ்' எழுதினான். நோட்டு ஆடியது. டென்சில் இடது கையால் அதை அழுத்திக்கொண்டு, கோடு மாறாமல் தொடர்ந்தான்.