வாளிப் பாட்டில் ஒரு நிறுத்தம்

அக்கா பாடுவதைக் கேட்டால் யாரோ அவளைத் துரத்துகிறார்கள் என்றுதான் தோன்றும். இரண்டரை வயதாகியும் அவள் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னதெல்லாம் புரிகிறது, வாய் மட்டும் திறப்பதில்லை. "தினமும் பாட்டுப் பாடுங்க" என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா சொன்னதிலிருந்து அக்கா விடவில்லை. குளிப்பாட்டும்போதும் பாட்டு, ஊட்டும்போதும் அதே பாட்டு.

வாளி வாளி வந்துச்சாம்,
வாய் நிறையத் தண்ணியாம்,
யானை ஒண்ணு குடிச்சுச்சாம்,
வாளி இப்போ காலியாம்!

பையன், என் குட்டி மாப்பிள்ளை, கன்னத்தில் கைவைத்துக் கச்சேரி கேட்பான். அதோடு சரி.

"ஒரே ஒரு வார்த்தை போதும்டா" என்று அக்கா என்னிடம் அழுவாள். "அம்மான்னுகூட வேணாம். ஏதாவது ஒண்ணு."

அன்றைக்கு அவள் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். அதுதான் என் தொழில். அக்கா கீழே கடைக்குப் போனாள். கதவு சாத்தியதும் பையன் அழுது ஊரைக் கூட்டினான். வேறு வழி? வெட்கத்தை விட்டு நானும் பாடினேன். "வாளி இப்போ..." என்னும்போது நட்டு வழுக்கியது. பாட்டை அப்படியே விட்டுவிட்டு நட்டை முறுக்கினேன்.

"காலி!"

நான் சொல்லவில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. எழுந்த வேகத்தில் தொட்டியில் மண்டை இடித்தது. வலிக்கவே இல்லை!

அவனைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினேன். பாதி வழியில் அக்கா பையோடு ஏறி வந்தாள்.

"அக்கா, பேசிட்டான்! மாப்ள பேசிட்டான்!"

"இதுல விளையாடாதடா."

"சத்தியமாக்கா! இரு, நீயே கேளு."

தொண்டை கிழிய முழுப் பாட்டையும் பாடினேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். பையன் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா முகம் வாடிவிட்டது. அவளுக்கு வீணாக ஆசை காட்டிவிட்டேனே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, மேல நான் கடைசி வார்த்தையப் பாடவே இல்ல. நட்டு வழுக்கிச்சு, நிறுத்திட்டேன். இவன்தான் முடிச்சான்!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நிறுத்தி நிறுத்திப் பாடுங்க, பையன் முடிக்கட்டும்னு அந்தம்மா சொன்னாங்களே! பயத்துல எல்லாம் மறந்துபோய் மூச்சுவிடாமப் பாடிட்டிருக்கேன்."

பையைப் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அவனை மடியில் வாங்கிக்கொண்டாள். இந்த முறை மெதுவாகப் பாடினாள்.

"வாளி இப்போ..."

நிறுத்தினாள். எதிர்வீட்டுக்காரர்கூட அசையவில்லை. அவசரப்படாதே அக்கா, அவசரப்படாதே என்று மனசுக்குள் கத்தினேன்.

"காலி!"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறுபடி பாடப் பார்த்தாள், முடியாமல் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பாட்டில் இல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னான்.

"பாடு!"