அனுபவச் சான்று

"முடியாதுன்னா முடியாதுதான். எத்தனை தடவ கேட்டாலும் இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தலைமை ஆசிரியர் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார். வருஷத்துக்கு ஐந்நூறு சான்றிதழில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற கை அது. மனைவியின் காகிதம் என்றதும் அதற்குச் சுளுக்குப் பிடித்துவிட்டது.

மணி மூன்றரை. ஐந்து மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தைச் சாத்திவிடுவார்கள்.

அவள் டிப்ளமோ முடித்த நர்ஸ். அப்படிப்பட்டவர்களை நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துப் பட்டம் கொடுக்கிற படிப்பு அங்கே இருந்தது. நாற்பது வயது முடிந்துவிட்டால் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் முடிகிறது. இடம்கூடக் கிடைத்துவிட்டது. ஆனால் இதுவரை நோயாளிகளைப் பார்த்த அனுபவத்துக்குச் சான்று கேட்டார்கள். குறுக்கே நின்றது கடைசி ஆறு வருஷம்தான். அந்த ஆறு வருஷமும் அவள் ஆஸ்பத்திரி வேலையில் இல்லை. பக்கவாதத்தில் விழுந்த மாமனாரின் கட்டிலருகே இருந்தாள்.

காலையில் அலுவலகத்தில் இருந்த அம்மாள் நல்லவள். "வீட்ல நோயாளியப் பாத்துக்கிட்டாலும் அனுபவம்தாம்மா. அவரோட மகன் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கொண்டு வந்துரு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஒரே ஒரு வரிதாங்க. மாமாவ நான் பாத்துக்கிட்டேன்னு. பொய்யா எழுதச் சொல்றேன்?"

"மாமனாரப் பாக்குறது மருமக கடமை. கடமைக்கெல்லாம் சர்டிபிகேட்டா? பெத்த அப்பன பொண்டாட்டி தலையில கட்டிட்டுத் திரிஞ்சேன்னு நானே எழுதிக் குடுக்கணுமாக்கும்!"

விஷயம் அதுதான். போன மாதம் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "அப்பாவக் குழந்தை மாதிரி வச்சுப் பாத்துக்கிட்டேன்" என்று அவர் கண்ணைத் துடைத்தார். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வந்தவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். அப்போது அவள் அடுப்படியில் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அலமாரியிலிருந்து நோட்டுகளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். மூக்குக் குழாயில் கொடுத்த ஆகாரம், சிறுநீரின் அளவு, காய்ச்சல், எந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைத்தாள் என்பது வரை இரண்டு மணிக்கொரு தரம் எழுதியிருந்தாள். ஆறு வருஷத்தில் அந்த முதுகில் ஒரு புண் வந்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே இது லேசில் நடக்கிற காரியமல்ல.

"பழைய பேப்பரோட சேத்துப் போடு" என்று சொல்லிவிட்டு அவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

அவள் புடவை மாற்றி, செருப்பும் போட்டுக்கொண்டு வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் இருபது நிமிடம். நாலரைக்கு ஒரு தடவை "என்னங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பத்திரிகை அசையவில்லை. ஐந்து அடித்தபோது செருப்பைக் கழற்றினாள். அழுகை வரவில்லை.

ஐந்தரைக்குப் போன் வந்தது. அவருடைய பெரியப்பா மகன். பெரியப்பாவுக்கும் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டதாம்.

"நீங்க கவலப்படாதீங்கண்ணே. ஆஸ்பத்திரிலேருந்து உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்க, இவள நான் அங்க அனுப்பி வைக்கிறேன். வெளியாளெல்லாம் எதுக்கு? அப்பாவ ஆறு வருஷம் ஒத்தையாளாப் பாத்தவ. முதுகுல ஒரு புண்ணு வர விடல. இவளுக்கு இருக்குற அனுபவம் எந்த நர்ஸுக்கும் கெடையாது!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "நாலு துணி எடுத்து வை. காலைல கெளம்பணும்."

அவள் மேசையில் கிடந்த காகிதத்தை நான்காக மடித்தாள்.

"இப்பப் போன்ல சொன்னத அஞ்சு மணிக்கு முன்னாடி எழுதிக் குடுத்திருக்கலாமேங்க." குரல் உடைந்தது. இத்தனை நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"அது முடிஞ்ச கதை. போறியா, இல்லையா?"

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"போகல. அனுபவம் இல்லாதவன்னு இந்நேரம் என் பேர அடிச்சிருப்பாங்க. அனுபவம் இல்லாத ஆள் கையில நோயாளிய விடக் கூடாதுங்க."