பாதி வருஷ வீட்டுக்காரர்

வயிற்றில் இருக்கும் இரண்டாவது பிள்ளை உதைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே கேள்விதான். இது வெளியே வரும்போது இவர் பக்கத்தில் இருப்பாரா? வாய்விட்டுக் கேட்கமாட்டாள். கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். அவளுக்குக் குறைந்துவிடும். அப்படி ஒரு வீம்பு.

வெளிநாட்டில் ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை, விசாவும் அவள் பேரில். புருஷன் நம்ம ஊரில் ஒரு லிஃப்ட் கம்பெனிக்கு வரைபடம் போடுகிறவர். லேப்டாப் இருந்தால் எங்கே உட்கார்ந்தும் போடலாம். குடும்ப விசாவும் அவருக்கு உண்டு. மனைவி அங்கே வேலையில் இருக்கும்வரை தங்கலாம், வேலையும் செய்யலாம் என்று அதில் தெளிவாகவே போட்டிருக்கிறது. இருந்தும் பாதி வருஷம் முடிவதற்குள் மனுஷர் பெட்டியைக் கட்டிவிடுவார். காரணம் வரி. பாதி வருஷத்துக்கு மேல் தங்கினால்தான் அந்த ஊரில் வரி, அதற்குள் ஓடி வந்துவிடு என்று அவருடைய ஆபீஸில் ஒரு மகா மேதாவி காதில் ஓதியிருந்தான். அன்றிலிருந்து காலண்டரும் கையுமாகத்தான் குடித்தனம். கஞ்சன் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மிச்சம் பிடித்ததையெல்லாம் பெண்டாட்டி பிள்ளைக்கென்றுதான் சேர்த்து வைத்தார். அது தெரிந்ததால்தான் அவளால் சண்டைகூடப் போட முடியவில்லை. அவளோடு வேலை பார்க்கிறவர்கள் அவருக்குப் 'பாதி வருஷ வீட்டுக்காரர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த முறை, டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதிக்கு முன்னாலேயே டிக்கெட் போட்டிருந்தார்.

வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்கள் வரி பற்றிச் சந்தேகம் கேட்கலாம் என்று மருத்துவமனையில் ஓர் ஆலோசகரை வரவழைத்திருந்தார்கள். கேன்டீனுக்குப் பக்கத்து அறை. இவளுக்குக் கால் வீங்கியிருந்ததால் அவரும் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார்.

ஆலோசகர் நடுவயதுப் பெண்மணி. நல்ல ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இவளுடைய கணக்கைப் பார்த்து முடித்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"சார் எங்க இருக்கீங்க?"

"நான் வந்து போறவன் மேடம். ஒரு வருஷம்கூடப் பாதிக்கு மேல தங்குனதே இல்ல." பெருமையாகவே சொன்னார்.

"ஊர்ல வீடு இருக்கா?"

"கல்யாணத்துக்கு அப்புறம் காலி பண்ணிட்டேன். போனா அண்ணன் வீட்டுல ஒரு ஓரமா படுத்துக்குவேன்."

"துணிமணி, சாமான்லாம்?"

"எல்லாம் இங்கதான்."

"இவங்களும் குழந்தையும் இங்க. அப்புறம் என்ன சார்? விசாவுல எவ்வளவு நாள் தங்கலாம்னு போட்டிருக்கும். அது வேற சமாச்சாரம். வரிக்காரங்க பாக்குறது நீங்க எங்க வாழறீங்கன்னு. நாள் கணக்கு அதுல ஒண்ணு, அவ்வளவுதான். வீடும் குடும்பமும் இங்க இருந்தா நீங்களும் இங்க இருக்குறவர்தான். இந்த ஊர்ச் சட்டம் அப்படி."

"அப்போ வரி?"

"கணக்குக் காட்டணும். அங்க கட்டுனத இங்க கழிச்சுக்குவாங்க. பாக்கியும் அபராதமும் கொஞ்சம் வரும். நீங்களா போய்ச் சொல்லிட்டா பெருசா இருக்காது." மூக்கைத் துடைத்துக்கொண்டு, மனதில் எதுவும் இல்லாமல் கேட்டார்: "ஆமா, இதுக்காகவா சார் வருஷா வருஷம் கெளம்பிப் போனீங்க?"

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று அவர் எழுந்து போய்விட்டார்.

நேரமாகியும் வரவில்லை. அவள் மெல்ல நடந்து போய்ப் பார்த்தாள். தாழ்வாரத்தில் தண்ணீர் மெஷினைப் பார்த்தபடி, வெறும் காகிதக் கோப்பையோடு நின்றிருந்தார். நல்லா வேணும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"பெரிய பாப்பா பொறந்தப்ப வலி வந்துடுச்சுன்னு நீ போன் பண்ணே," என்றார் திரும்பாமலே. "அன்னிக்கே பிளேன் இருந்துச்சு. வந்தா நாள் கணக்கு பாதியைத் தாண்டிடும், வரி வருஷம் முடியட்டும், ஒரு வாரம்தானேன்னு உக்காந்திருந்தேன். நீ இங்க தனியா..."

தனியாகத்தான் இருந்தாள். வார்டைத் துடைக்க வந்த அம்மாள்தான் கையைப் பிடித்துக்கொண்டாள். அதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"இருங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேன்."

"அத வேற நான் வாயத் தொறந்து சொல்லணுமாக்கும்." சொன்ன பிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை. அவர் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு ஆசையும் இருந்தது. "சரி, இப்பச் சொல்றேன். இருங்க."

அவர் அங்கேயே போனை எடுத்து டிக்கெட்டை ரத்து செய்தார். எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷர்.

திரும்பி வந்தபோது ஆலோசகர் அவர் பேரில் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கியிருந்தார்.

"உங்க குடும்பம் இங்கதான்னு ஆனது எப்பலேர்ந்து? ஒரு தேதி சொல்லுங்க."

அவர் பழக்க தோஷத்தில் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். அவள் அந்த விரல்களைப் பிடித்து மடக்கினாள்.

"எங்க மூத்தவ பொறந்த தேதியப் போடுங்க மேடம்."

"அந்தத் தேதின்னா அந்த வருஷத்துக்கும் சேத்து வரி வருமே."

"வரட்டும்."

"அன்னிக்கு நான் இங்க இல்லையேம்மா," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"இருந்தீங்கன்னு சட்டமே சொல்லுது. நான் மட்டும் எதுக்கு இல்லன்னு சொல்லிட்டு இருக்கணும்?"