புருவத்தில் இரட்டை ஆறு

என் வீட்டுக்காரர் எரிபெர்த்தோவைப் போல ஒரு வீம்புக்காரரைச் சாந்தோ தொமிங்கோ நகரம் முழுக்கச் சலித்தாலும் பார்க்க முடியாது. ஒருநாள் மூலைக்கடை வாசலில், புள்ளிக் கட்டைகளை எண் பார்த்து முனையோடு முனை சேர்க்கும் டொமினோ ஆடும்போது, அவருடைய ஜோடி ஃபெயோ கவனமில்லாமல் ஆறு புள்ளி சேரும் முனைகளையெல்லாம் அடைத்துவிட்டான். இவரிடம் இருந்த இரட்டை ஆறு, அதாவது இரு பாதியிலும் ஆறு புள்ளி உள்ள கட்டை, வைக்க இடமில்லாமல் கையிலேயே செத்தது. சொந்த ஜோடியின் கட்டையைக் கொல்வதைவிடப் பெரிய பாவம் எங்கள் தெருவில் கிடையாது.

“இனி உன் முகத்தப் பாக்கவே மாட்டேன்டா!” என்று மேசையை உதைத்துவிட்டு வந்தார். மறுநாளே பக்கவாதம். கை கால் மெல்லத் தேறின, பேச்சும் வந்தது. இமைகள் மட்டும் மூடியே கிடந்தன.

“கண்ணுல கோளாறு இல்ல. ‘திற’ன்னு மூளை சொல்றது இமைக்குப் போய்ச் சேரல” என்றார் டாக்டர்.

நான் பாதிதான் நம்பினேன். சில நேரம் தும்மினால் தானாகத் திறக்கும். ஃபெயோ வந்து நின்றால் மட்டும் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிவிடும். “திறக்க வரலடி” என்பார். வீம்பு என்றே நினைத்தேன்.

ஃபெயோ தினமும் வாழைக்காய் மசியலோடு வந்து அழுதான். “நெரெய்தா அக்கா, ஒரு கட்டைக்காக இம்புட்டு வைராக்கியமா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவரை நடத்திப் போய், ஃபெயோவுக்கு எதிரே, பழைய ஜோடி இடத்தில் உட்கார வைத்தேன். கட்டைகளின் குழிகளை விரலால் தடவி ஆடினார். மேசையில் விழுந்ததை மற்றவர்கள் சத்தமாகச் சொன்னார்கள். தன் முறைக்குக் காத்திருந்தவர், பழைய வழக்கப்படி யோசித்துக்கொண்டே கட்டையைப் புருவ ஓரத்தில் அழுத்தினார்.

இமைகள் மேலே ஏறின. கட்டையை எடுத்தார், மூடின. மறுபடி அழுத்தினார், திறந்தன.

ஃபெயோ சட்டென்று முகத்தை மூடிக்கொண்டான். “பாக்காத! சத்தியம் பண்ணியிருக்க!”

“கைய எடுடா மடையா. அந்தச் சத்தியத்தப் படுக்கையில விழுந்தன்னிக்கே விட்டாச்சு. நீ வந்தாலே உன்னப் பாக்கணும்னு முக்குவேன், அந்த அவசரத்துல இன்னும் இறுகிடும்.”

எனக்கு அப்போதுதான் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. தெருவென்றும் பாராமல் அழுதேன்.

“சரி, ஆட்டத்தப் பாரு” என்று அதட்டினார்.

ஃபெயோ கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவசரமாக ஒரு கட்டையை வைத்தான். ஆறு மறுபடியும் அடைபட்டது. கூட்டம் மேசையைப் பிடித்துக்கொண்டது.

அவர் மேசையை உதைக்கவில்லை. இந்த முறையும் கையிலேயே செத்துப்போன இரட்டை ஆறைப் புருவத்தில் அழுத்தியபடி, ஃபெயோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.