கல்பனா கழற்றிய கருப்பு வளையம்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. நடக்க முடியாதவர்கள் ஓட்டும் பேட்டரி வண்டியின் கையேட்டில் கிடைத்தது. ‘அருகில் வாக்கி-டாக்கி இயங்கினால் வண்டி தானாக நகரக்கூடும்’ என்றிருந்தது. பேய்க்கதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

[கும்மிடிப்பூண்டிக் காற்றில் அன்று இரும்பின் வாசனை…]

வேண்டாம். ஊர்ப் பேரைச் சொன்னதும் இரும்பைத் தேடுகிற சோம்பேறித்தனம் இது.

2

கல்பனா அங்கே ஓர் உருக்காலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். சிறுவயதிலிருந்தே நடக்க முடியாது. (அனுதாபமாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவளுக்குப் பிடிக்காது என்று கிழித்துவிட்டேன்.) வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் அவளை யாராவது சக்கர நாற்காலியில் தள்ளிப்போனார்கள். ஆள் வரும்வரை மூத்திரத்தைக்கூட அடக்கிக்கொண்டிருப்பாள். மூன்று மாதமாகத்தான் அவளே பேட்டரி வண்டி ஓட்டிப் போகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை, கேட்டில் காவலர் தணிகைவேல் வாக்கி-டாக்கியை அழுத்தினார். நின்ற வண்டி பாய்ந்து தடுப்புக் கம்பியில் முட்டியது.

“இன்னாக்கா, சும்மா நின்னுகினு இருந்த வண்டி எகிறுது?”

“நான் கையே வெக்கல, தணிகை. அதுவா போச்சு.”

பாதுகாப்பு அதிகாரி ஸ்ரீவத்ஸன் நம்பவில்லை. “காரணம் தெரியறவரைக்கும் வண்டி வெளியவே நிக்கட்டும்மா,” என்றார். மறுபடியும் நாற்காலி.

3

இதுவரை கல்பனாவை ஒன்றுமறியாதவளாக வைத்திருந்தேன். திருவள்ளூரிலிருந்து வந்த மெக்கானிக் துளசிராமன் சீட்டைத் தூக்கிப் பார்த்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டார்.

“ஒயர்ல கருப்பா ஒரு வளையம் இருந்திச்சே,* யாரு கழட்னது?”

கல்பனாதான். சீட்டுக்கு அடியில் சாப்பாட்டுப் பை நுழையவில்லை என்று கழற்றி, வீட்டில் ஆணி டப்பாவுக்குள் போட்டிருந்தாள். மறுநாள் கொண்டுவந்தாள். துளசிராமன் மாட்டினார். ஸ்ரீவத்ஸன் பார்க்க, தணிகைவேல் பத்துத் தடவை அழுத்தினார். வண்டி பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது.

* கணினி ஒயரில் குண்டாக ஒன்று இருக்குமே, அதுதான். வெளியிலிருந்து வரும் ரேடியோ அலை ஒயர் வழியே புகாமல் தடுக்கும். இது தெரியாவிட்டால் நாமும் கழற்றியிருப்போம்.

4

“வளையத்தை யார் எடுத்தது?” என்று கேட்டார் ஸ்ரீவத்ஸன்.

அவளுக்காக ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்: [வாங்கும்போதே இல்ல சார்.] துளசிராமனும் ஒத்துப்பாட ரெடி. அவள் அதை அடித்துவிட்டாள்.

“நான்தான் சார் கழட்னேன். இன்னாத்துக்குன்னு தெரியாம பூட்ச்சு. இனிமே தொட மாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும்? கொஞ்ச நேரம் கழித்து வெட்கமாக இருந்தது.

ஸ்ரீவத்ஸன் கெட்டவர் இல்லை. ஆனால் வண்டியின் பாகங்களில் கை வைத்தவருக்கு அதை உள்ளே ஓட்ட அனுமதி கிடையாது என்று அவருடைய விதி சொல்கிறது. வண்டி அசையாமல் நின்றதையும் அவரே பார்த்திருக்கிறார். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அனுமதித் தாளை எடுத்தார்.

5

இரண்டு விதமாகவும் முடித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டால் கதை இனிக்கிறது. போடாவிட்டால் இலக்கியமாகிவிடுகிறது. இரண்டுமே என் சௌகரியம்தான்.

தாளை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். நிதானமாக யோசியுங்கள். கல்பனா வெளியே நாற்காலியில்தான் இருக்கிறாள். தள்ளிக்கொண்டு வந்தவர் டீ குடிக்கப் போய்விட்டார்.