எதுவும் கலக்காத க்ரீம்

அக்காவுக்கு முகக் க்ரீம் தயாரிக்கும் தொழிற்சாலையில், கலவைப் பிரிவில் வேலை. க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்க ஊற்றும் திரவத்தின் கேனைத் திறந்தாலே கண் எரியும். கையுறை, கண்ணாடி, முகமூடி சகிதம் ஊற்றுகிற ஒன்றை முகத்தில் பூசச் சொல்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். அத்தனை பெரிய தொட்டியில் அது துளியூண்டுதான் என்று மேற்பார்வையாளர் சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் பாக்கெட் ரொட்டியும் ஜாமும் நுழைய முடியாது. "பூஞ்சையே தொடாததை நாம ஏன் திங்கணும்?" என்று கேட்பாள். ஜாம் பிடித்தவர்கள் வெளியே தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள்.

தங்கைக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அந்த ஆத்திரம் பயமாக மாறியது. சிகிச்சையில் தங்கையின் தோல் வறண்டு வெடித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த க்ரீம் ட்யூபின் பின்பக்கத்தில் அதே திரவத்தின் பெயரைப் படித்த அக்கா, அதைக் குப்பையில் போட்டாள்.

"நானே பண்ணித் தரேன்டி. எண்ணெய், மெழுகு, தண்ணி. வேற ஒரு மண்ணும் கிடையாது."

தொழில் தெரிந்த கை. க்ரீம் வெண்ணெயாகத் திரண்டு வந்தது. தங்கை அதைக் குளியலறையில் வைத்து, ஈர விரலால் எடுத்துப் பூசினாள். "எரிச்சலே இல்லக்கா" என்றாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை விட்டு வந்ததும் வராததுமாக அடுப்படியில் நின்று அடுத்த டப்பாவுக்குக் கிண்டினாள்.

பிறகு ஒருநாள் தங்கைக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டது. வெடிப்புகளில் சீழ். எதிர்ப்புச் சக்தி வற்றியிருந்த உடம்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது.

"தோல்ல என்ன பூசினீங்க? எங்கிருந்து தொத்துச்சுன்னு தெரிஞ்சா சரியான மருந்தைப் பிடிக்கலாம்" என்றார் டாக்டர்.

தங்கை கண்ணைத் திறக்காமலே, "நீங்க கொடுத்த ட்யூப்தான்" என்றாள்.

பொய் என்று தெரிந்தும் அக்கா வாயைத் திறக்கவில்லை. வெட்கம் என்பது எப்பேர்ப்பட்ட பாவி! டாக்டர் வாசல்வரை போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"இல்ல டாக்டர். நான் பண்ணின க்ரீம்."

வீட்டுக்கு ஓடிப்போய் டப்பாவை எடுத்துவந்தாள். டாக்டர் திறந்தார். குப்பென்று நாற்றம்.

"தண்ணி சேர்த்திருக்கீங்க. கெடாம இருக்க எதுவும் போடலையா?"

"போடல. வேணும்னுதான் போடல."

பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மருந்தை மாற்றினார்கள். பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அக்கா கட்டிலருகே உட்கார்ந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நெருப்பாகக் கொதித்தது.

"இந்த நாத்தம் நாறியிருக்கு. ஏன்டி சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியே."

"நிறுத்தினா என்னடி?"

தங்கை மெதுவாகக் கண் திறந்தாள்.

"அதைக் கிண்டறப்ப மட்டும்தான்க்கா நீ அழாம இருந்த."