நாற்பதாவது முடிச்சு

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சமையலறையில் தொடங்கியது. புதுத் தூண்டில் கயிற்றை நான் அளந்துகொண்டிருந்தேன். இரு கைகளையும் அகல விரித்தால் ஒரு பாகம். பாகத்துக்கு ஒரு சிவப்பு நூல் முடிச்சு. நாற்பது முடிச்சு. எப்போதும் அண்ணன்தான் அளப்பான். அன்று மாலை படகுக்குத் தார் பூசிவிட்டுக் கை முழுக்கக் கறுப்போடு வந்தவன், "நீயே கட்டிடு" என்றான்.

மறுநாள் நான் எழுவதற்கு முன்பே போய்விட்டான்.

(முதலில் 'ஏரி அன்று அமைதியாக' என்று ஆரம்பித்திருந்தேன். அன்று ஏரியை நான் பார்க்கவே இல்லை. அடித்துவிட்டேன்.)

2

அண்ணன் குள்ளம். நான் நெடுநெடுவென்று வளர்ந்தவள். அவனை உத்தமனாக்கி ஒரு பத்தி எழுதினேன். அதில் அவனைக் காணோம். சீட்டாட்டத்தில் தோற்கப் போகிறான் என்றால் சீட்டைக் கலைத்துவிடுகிறவன் அவன்.

ஏரி மிக ஆழம். குளிர்காலத்தில் மீன் மேலே வரும்; பத்து முடிச்சு போதும். வெயில் ஏற ஏற, குளிர்ச்சி தேடி அடிக்குப் போய்விடும். கோடையில் அண்ணன் நாற்பதாவது முடிச்சில் கயிறு தரை தட்டும் இடத்தில்தான் நிற்பான். விடியல் மூட்டத்தில் கரை தெரியாது, கயிறுதான் வழி. அந்த இடம் குன்றின் மறைவுக்குள் இருக்கிறது. காற்று அங்கே எட்டாது.

அன்று மூட்டம் கலைந்ததுமே காற்று எழுந்தது. மறுநாள் அவன் உடல் கிடைத்தது.

3

ஏரிக் காவலர் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நாப்பதாவது முடிச்சு வரைக்கும் விட்டிருக்காரும்மா. ஆனா படகு மறைவுக்கு ரொம்ப வெளிய கவுந்து கெடந்துச்சு. இத்தன வருஷத்துல அவர் அங்க போய் நான் பாத்ததே இல்ல."

நான் அவரிடம்

(இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதிப் பார்த்தேன்.)

என் கையின் நாற்பது, அவன் கைக்குக் கிட்டத்தட்ட நாற்பத்தாறு. அவ்வளவு ஆழத்துக்கு மறைவைத் தாண்டித்தான் போக வேண்டும்.*

* குளிர்காலமாக இருந்திருந்தால், பத்து முடிச்சில் ஒன்றரைப் பாகம்தான் பிசகியிருக்கும்.

4

ஒரு பேச்சு நினைவிருக்கிறது.

"ஏய் நெட்டை, உன் கையால அளந்தா ஏரியில பாதி காணாமப் போயிடும்டி!"

"உன் கையால அளந்தா கெணறுகூடக் கடலாயிடும், போண்ணே."

இது அன்று மாலை நடந்ததா, அதற்கு முந்தைய ஏதோ ஒரு வருடமா? அன்று மாலை என்றால், முடிச்சுகள் தள்ளித் தள்ளி விழுந்திருப்பது அவனுக்குத் தெரியும். பெரிய மீனுக்கு ஆசைப்பட்டுத் தெரிந்தேதான் வெளியே போனான். முந்தைய வருடம் என்றால்

இரண்டு விதமாகவும் எழுதினேன். ஒன்றில் அவன் கையைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறான். மற்றதில் எனக்கு முதுகைக் காட்டி நின்று டீ குடிக்கிறான். அம்மாவுக்கு முதலாவதைத்தான் வாசித்துக் காட்டினேன்.

"அப்படியா சொன்னான்? சொல்லியிருப்பான், வாயாடிப் பய" என்றாள். பிறகு, "இன்னொரு தடவ படி" என்றாள்.

5

அந்தப் பேச்சை எந்த மாலையில் வைப்பது என்பதை உங்களிடமே விடுகிறேன். நான் வைத்தால் எனக்குச் சாதகமாக வைத்துவிடுவேன்.

இந்தக் கோடையில் காவலரின் படகில் போய், அண்ணன் வழக்கமாக நிற்கும் இடத்தில் அதே கயிற்றை இறக்கிப் பார்த்தேன். முப்பத்தைந்தாவது முடிச்சில் தரை தட்டியது.

அண்ணன் கைக்கு அது இன்னும் நாற்பதுதான்.